கீழே வைத்தால் நிற்கிற பை

செவ்வாய்க்கிழமை, ஷிப்ட் முடிந்து
எம்.சி. ரோடு வரை நடந்தேன்.
பழைய பையின் ஜிப் இருந்த இடத்தில் மூன்று ஊக்கு.
நான்காவது, காலையில்
ரூபனின் டவுசருக்குப் போய்விட்டது.

கடையில் எல்லாப் பைகளும்
பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்கள் மாதிரி தொங்கின.
ஒன்றின் உள்ளே கை விட்டேன்.
கசக்கிய செய்தித்தாள்.
"காகிதத்த எடுத்துட்டுக் காட்டுங்க."
கடைக்காரர் இலியாஸ் என்னை ஒருமுறை பார்த்தார்.
எடுத்ததும் அந்தச் சிவப்புப் பை
அப்படியே உட்கார்ந்துவிட்டது,
நைட் டூட்டி முடித்த பிலோமினா சிஸ்டர் போல.

"ஆபீஸுக்கா, கொழந்தைக்கா?"
இடப்பக்க அலமாரியில் லேப்டாப் பைகள்.
வலப்பக்கம் கரடிக்குட்டி போட்டவை.
நடுவில் ஒரு சுவர்.
அந்தச் சுவரில்தான் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறேன் என்று
சொல்லத் தோன்றியது.
சொல்லாமல், பழைய பையைக்
கவுண்டரில் கவிழ்த்தேன்.

ஸ்டான்லி ரத்த வங்கி அடையாள அட்டை.
மூடி மாறிப்போன டிபன் டப்பா.
ரூபனின் ஒற்றை சாக்ஸ்.
ஷைனியின் இன்ஹேலர்.
கிளமெண்டின் போர்ட் பாஸ் நகல்:
டிரெய்லரை எண்ணூர் ரோட்டு வரிசையில் நிறுத்திவிட்டு
நேரங்காலம் இல்லாமல் போன் செய்து நம்பர் கேட்பான்.
பாதி கடித்த பொறை.
அப்புறம் அரிசி,
எப்படி வந்ததென்றே தெரியாத அரிசி,
ஒரு கைப்பிடி இருக்கும்.

இலியாஸ் அரிசியை மட்டும் ஓரமாக ஒதுக்கினார்.
"இதுக்குன்னு தனி அறை எதுலயும் வராதும்மா."

முதலில் காட்டியதில் பதினோரு அறைகள்.
பதினொன்றிலும் இன்ஹேலரைத் தேடி முடிப்பதற்குள்
பிள்ளைக்கு உதடு நீலமாகிவிடும்.
அடுத்தது தோல் மாதிரி மின்னியது,
ஒரே மழையில் உரிகிற தோல்.
வெள்ளையை அவரே திரும்ப மாட்டிவிட்டார்,
"நம்ம பக்கத்துக் காத்துக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது."

ஒன்று அழகு.
உண்மையிலேயே அழகு. கிளிப்பச்சை, பித்தளைக் கொக்கி.
ஒரு கையால் திறந்து பார்த்தேன், திறக்கவில்லை.
என் இன்னொரு கையில்
எப்போதும் யாராவது இருப்பார்கள்.
கொஞ்ச நேரம் தோளில் மாட்டி
கண்ணாடியில் பக்கவாட்டாகப் பார்த்துவிட்டுக்
கொடுத்தேன்.

கடைசியில் வந்தது சாம்பல் நிறம்.
ரெக்சின் அடி, சீட் பெல்ட் துணியில் அகலமான வார்.
யாருக்கும் ஆசை வராத பை.
தரையில் வைத்தேன், நின்றது.
ஒரு லிட்டர் பாட்டிலோடு வைத்தேன்,
நின்றது.
கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் போய் முடிகிறவரைக்கும்
தோளை விட்டு இறக்கி வைக்க எனக்கு ஒரு பை வேண்டும்,
சாயாமல்,
பக்கத்தில் நிற்பவர் காலைப் பிடிக்காமல்.

அறுநூற்றைம்பது என்றார். ஐந்நூற்றெண்பதுக்கு இறங்கினார்.
எல்லாவற்றையும் நானே உள்ளே அடுக்கினேன்.
அரிசியைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி
மேலே வைத்தார்.

சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால்
கேட் மூடியிருந்தது.
பையை இறக்கினேன். நின்றது.
பிறகு ஷைனி அதன்மேல் உட்கார்ந்தாள், அப்போதும் நின்றது.
ரூபன் என் இடுப்பில் தூங்கிவிட்டான்.
போன் அடித்தது.
கை தானாகப் பழைய இடத்துக்குப் போனது;
அங்கே புதிதாக ஒரு தடுப்பு.
ஆறு வருஷம் இருட்டில் விரல் படித்துவைத்தது எதுவும்
இந்தப் பைக்குத் தெரியாது.

கிளமெண்ட்.
"பாஸ் நம்பர் சொல்லு, சீக்கிரம்."
கை விட்டேன். சாக்ஸ் வந்தது.
பொறை வந்தது.
பொட்டலம் பிரிந்து விரலெல்லாம் அரிசி.
பின்னால் நின்ற ஸ்கூட்டர்காரர்
கேட்காமலேயே செல்போன் வெளிச்சம் அடித்தார்.
"இருப்பா, புதுப் பை.
இன்னும் நான் குடி வரல."

ஷைனி வேகன்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.
முப்பத்தொன்றாவதில் பாஸ் கிடைத்தது.